கோயில் வாசம் அடித்த தேயிலை

எந்தச் சொல்லைக் கேட்டாலும் அவர் முதலில் உறிஞ்சிப் பார்ப்பார். உதட்டைக் குவித்து, காற்றை உள்ளே இழுத்து, நாக்கின் மேல் ஒரு சுற்று உருட்டுவார். ‘ஸ்ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் கொப்பியில் எழுதுவார். வகுப்பில் இருந்த மற்ற ஆறு பேருக்கும் அது பழகிப்போன சத்தம். எனக்குத்தான் முதல் நாள் கையிலிருந்த சோக்குக்கட்டி நழுவி விழுந்தது.

அவர் ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் டீமேக்கர். கொழுந்து தொழிற்சாலைக்குள் வந்த நேரத்திலிருந்து, பெட்டியில் அடைபட்டு லொறி ஏறும் வரைக்கும் தேயிலைக்கு அவர்தான் பொறுப்பு. வயது ஐம்பத்து நான்கு. நான் அவருடைய இங்கிலீஷ் மிஸ். எனக்கு இருபத்திரண்டு. அந்த ஊர்க் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். இரத்தினபுரியில் கன்னியர் பள்ளியில் படித்துவிட்டு, வரன் வரும் வரை வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்திருந்த சிங்களத் துரைக்குத் தன் உத்தியோகத்தர்கள் எழுதும் இங்கிலீஷ் ரிப்போர்ட்டுகளைப் படித்துத் தலைவலியே வந்துவிட்டதாம். சனிக்கிழமை பின்னேரங்களில், உத்தியோகத்தர்கள் கூடும் ஸ்டாப் கிளப்பில் வகுப்பு நடத்த ஆள் தேடினார். அப்பா என்னை அனுப்பிவைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது.

என்னிடம் ஒரு கைநூல் இருந்தது. உவமை, உருவகம், மிகைக்கூற்று என்று வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக உதாரணம் போட்ட நூல். அட்டை முதல் அட்டை வரை எனக்கு மனப்பாடம். அந்த நூலைவிடக் கனமாக என்னிடம் கர்வமும் இருந்தது.

முதலில் உவமை நடத்தினேன். ‘எதைப் போல வெள்ளை?’ என்று கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். ஆறு பேரும் நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி ‘ஸ்னோ’ என்று எழுதினார்கள். டீமேக்கர் கையைத் தூக்கினார்.

“மிஸ், இந்த ஸ்னோவ நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“இங்க இருக்கவங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?”

யாரும் பார்த்ததில்லை.

“அப்ப அது எந்த மாதிரி வெள்ளைன்னு நமக்குத் தெரியாதுங்களே. பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா?”

“புத்தகத்துல அப்படித்தாங்க இருக்கு.”

“புத்தகம் எழுதுனவரு பாத்திருப்பாரு. அவரு எழுதலாம்.”

அப்படிச் சொல்லிவிட்டுக் குனிந்து வெகுநேரம் எழுதினார். கம்பனியின் பெரிய துரை பார்வையிட வருகிற வாரத்தில், காலையில் தொழிலாளர்கள் பேர் பதியக் கூடும் பிரட்டுக்களத்தின் சுவர் போல வெள்ளை என்பதுதான் அவருடைய விடை. இங்கிலீஷில் அது இரண்டு வரி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சிவப்பு மையால் ஒரு பிழைக்கோடு போட்டுப் பக்கத்தில் பூஜ்யமும் போட்டேன். அந்தப் பூஜ்யத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவர் எப்போதும் கடைசி வரிசையில், ஜன்னலோரத்தில், எனக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் இரண்டு மாதமும் அது எனக்குக் கொடுக்கிற மரியாதைக் குறைச்சல் என்றே நினைத்துக் கடுகடுத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர்தான் ஒருநாள் மெதுவாகச் சொன்னார். “மிஸ், அது உங்க தலையில இருக்க மல்லிகைப்பூவாலதாங்க. வகுப்பு முடிஞ்சி அவரு நேரா தேயிலைய ருசி பாக்கப் போவணும்.”

உண்மைதான். மூக்கையும் நாக்கையும் கோயில் விளக்கைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டவர் அவர். வெற்றிலை இல்லை, பச்சை வெங்காயம் இல்லை, வாசனைச் சவர்க்காரம் இல்லை. அவர் மனைவி பகல் சோறு கொண்டுவரும்போது தொழிற்சாலை வாசலிலேயே தலைப்பூவை எடுத்து வேலியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். சலிக்கும் அறைக்குக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சிங்களப் பெண்களிடமும் அதே சட்டம்தான். “மல் எபா, நங்கி”, பூ வேண்டாம் தங்கச்சி, என்று கையை நீட்டி, பூவை வாங்கி வெளியே வைத்துவிட்டு, மாலையில் வாடாமல் திருப்பிக் கொடுப்பார். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் நான் பூ வைக்கவில்லை. அடுத்த வாரம் அவர் ஒரு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

மிகைக்கூற்று அவருக்கு அறவே ஆகாது. “ஆயிரம் தடவ சொல்லிட்டேன்னா, ஆயிரம் தடவ சொல்லியிருக்கணும் மிஸ். நான் நூறு பெட்டின்னு எழுதிட்டுத் தொண்ணூத்தெட்டுப் பெட்டிய லொறியில ஏத்துனா விடுவாங்களா?” ஆனால் மனதைப் புண்படுத்தாமல் இதமாக மாற்றிச் சொல்வது பற்றி நடத்தியபோது, நான் உதாரணம் சொல்லும் முன்பே பிடித்துக்கொண்டார். “மலையில பாம்பப் பாத்தா கயிறுன்னு சொல்றோமே, அதுங்களா?” என்றார். அஃறிணைப் பொருளுக்கு உயிர் கொடுத்துப் பேசுவதைப் பற்றி நடத்திய அன்று மட்டும் எனக்கும் அவருக்கும் பெரிய வழக்கு. கொழுந்தை முறுக்கும் ரோலர் மெஷின் கோபமாக இருந்தது என்று அவர் எழுதியிருந்தார். சபாஷ், இதுதான் அது என்றேன்.

“இல்லீங்க மிஸ். நேத்து அது கோவமாத்தான் இருந்துச்சு.”

“மெஷினுக்கு ஏதுங்க கோவம்?”

“நீங்க வந்து பாக்கல.”

இப்படிப்பட்டவரோடு வகுப்பு நடத்துவது ஆற்றுமணலில் சைக்கிள் ஓட்டுகிற வேலை. ஆனால் அவர் வராத இரண்டு சனிக்கிழமைகளில் எனக்கு வகுப்பே ஓடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வரன் வந்து நான் வகுப்பை விட்டபோது, வழக்கப்படி ஒரு பிரியாவிடை மடல் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். எழுதியவர் பெரிய கிளாக்கர். தோட்டக் காரியாலயத்தின் தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலீஷில் புலி. மடலில் நான் விளக்கு, நான் ஊற்று, நான் கலங்கரை. கீழே எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ‘எங்கள் அனைவருக்கும் தாய்’ என்ற வரியின் மேல் மட்டும் நீல மையில் நேராக ஒரு கோடு. அதைக் கிழித்துவிட்டுத்தான் டீமேக்கர் கையெழுத்துப் போட்டாராம். கேட்டதற்கு, “எனக்கு அம்பத்தஞ்சு, மிஸ்ஸுக்கு இருவத்துமூணு. நான் எப்படிங்க கையெழுத்து வக்கிறது?” என்றாராம். விளக்கையும் கலங்கரையையும் அவர் எப்படி விட்டுவைத்தார் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். விளக்கென்றால் மண்ணெண்ணெய் விளக்காகவும் இருக்கலாம் என்று விட்டிருப்பார். அந்தக் கோட்டோடு அந்த மடல் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

அதற்கு ஓராண்டு முன்னால், உருவகம் நடத்துகையில், அவரவர் வேலையில் கைக்கு வருகிற இங்கிலீஷ் தாள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மருந்து கொடுப்பவர் ஒரு போத்தல் லேபிளைக் கொண்டுவந்தார். டீமேக்கர் கொண்டுவந்தது கொழும்பிலிருந்து வரும் புரோக்கர் ரிப்போர்ட். ஏலத்துக்குப் போகும் தேயிலையை அங்கே ஒருவர் வாயில் ஊற்றி ருசித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓரிரு வரி எழுதியனுப்புவார். வாசித்ததும் எனக்கு வாய் ஊறிவிட்டது. இந்தத் தேநீருக்கு உடம்பு போதாது, இது முதுகெலும்பில்லாதது, இது விழித்திருக்கிறது, இது தூங்குகிறது என்று வரிக்கு வரி உருவகம். என் கைநூல் எந்த மூலைக்கு?

“அத்தனைக்கும் கோடு போடுங்க” என்றேன்.

அவர் போடவில்லை. “இதுல ஒன்னும் ஜோடனை இல்லீங்க மிஸ். இந்த மனுசன் எழுதுனா, நான் அதே தேயிலைய ஊத்தி வாயில வச்சுப் பாப்பேன். தூங்குதுன்னா தூங்கத்தான் செய்யும். பத்து வருசமா எழுதுறாரு, ஒரு சொல்லு தப்புனதில்ல.”

“யாருங்க அவரு?”

“தெரியாதுங்க. மொகம் பாத்ததில்ல. வெள்ளக்காரரா நம்மாளான்னும் தெரியாது.”

முகம் தெரியாத ஒருவரைப் பற்றி அவர் பேசியபோது குரலில் இருந்த மரியாதையை நான் அவரிடம் வேறு எவரைப் பற்றியும் கேட்டதில்லை.

அந்த ரிப்போர்ட்டில்தான் வந்தது வினை.

ஐப்பசி முடியும் நேரம். மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை. டீமேக்கர் நனைந்த குடையை மடக்காமலே உள்ளே வந்து, என் மேசையில் ஒரு தாளை வைத்தார். அது புதிய ரிப்போர்ட். ஆறு பெட்டித் தேயிலைக்கு எதிரே, ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது என்று எழுதி, காரணமும் எழுதியிருந்தது: விளங்காத ஓர் அந்நிய வாசனை, மாதா கோயிலின் உட்புறத்தைப் போல.

“மிஸ், இது என்ன வகை?”

“உவமை.”

“போலன்னு வந்தா அது மெய்யில்லன்னு தானே சொல்லிக்குடுத்தீங்க? ஒப்புக்குத்தான்னு?”

“ஆமாங்க.”

“இது மெய்யிங்க மிஸ்” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூசையன்று தொழிற்சாலை மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் படைப்பார்கள். மல்லிகையை வாசலில் நிறுத்துகிற மனிதர், சாமி காரியம் என்பதால் அன்று மட்டும் சாம்பிராணியை உள்ளே விடுவார். ஆனால் முதல் நாளே தேயிலை முழுவதையும் பெட்டியில் அடைத்து மூடிவிடுவார். அந்த ஆண்டு பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாள் பூசைக்கு முன் வந்து சேரவில்லை. தேயிலை சலிக்கும் அறையில் குவியலாகக் கிடந்தது. சாக்கை நனைத்துப் பிழிந்து இரண்டடுக்காக மூடினார். போதும் என்று நம்பிவிட்டார். அந்த வருடம் முழுக்க எந்த மெஷினும் யார் கையையும் கடிக்கவில்லை என்ற சந்தோஷத்தில், சாம்பிராணிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சலிக்கும் அறையை மூன்று சுற்று வந்திருக்கிறார்.

“நீங்க பெறகு மோந்து பாக்கலியா?” என்று கேட்டேன்.

“ஊரெல்லாம் சாம்பிராணி, என் சட்டையெல்லாம் சாம்பிராணி. அந்த மூக்குல என்னாத்த மோப்பம் புடிக்கிறது?”

துரை திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார். இங்கிலீஷில். பக்கத்துத் தோட்டத்தில் புகை வாசம் அடித்த தேயிலைக்காக ஒரு டீமேக்கரை அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். இருபத்தாறு வருடம் இருந்த வீடு. துரை புதியவர், குணம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை.

செய்தி கேட்டுப் பெரிய கிளாக்கரே கிளப்புக்கு வந்துவிட்டார். கையில் தயாராக ஒரு விளக்கம். பச்சை மரத்தில் செய்த பெட்டியால் வந்த வாசனை என்று அதில் இருந்தது. முன்னும் பின்னும், தாங்கள் எங்கள் தந்தை, தங்கள் பாதத் தூசி நாங்கள் என்று அலங்காரம்.

“பெட்டி மரத்தில பழியைப் போட்டிட்டுக் கையெழுத்தை வையும். ஒருத்தருக்கும் விளங்காது” என்றார்.

நான் விடுவேனா? அவருடையது பழைய காலத்து நடை என்று எனக்கு எண்ணம். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். தங்கள் கோபக் காற்றின் முன் நடுங்கும் கொழுந்து நான் என்று தொடங்கி, என் கைநூலில் இருந்த அத்தனையையும் அதில் இறக்கினேன். பொய் சொல்லவில்லை, எப்படி நடந்தது என்பதை மட்டும் யாருக்கும் புரியாதபடி பூப்போட்டு மூடியிருந்தேன். அவர் இரண்டையும் வாங்கி, வரிக்கு வரி உறிஞ்சி உறிஞ்சி வாசித்தார்.

“மிஸ் எழுதுனது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வாயில ஒட்டலீங்க.”

“பெரிய கிளாக்கரோடது?”

“பெட்டி மரம் பாவம். அது பூசைக்குப் பெறகுதான் வந்துச்சு.”

பெரிய கிளாக்கருக்குக் கோபம் வந்துவிட்டது. “உமக்கென்ன விசரே? உண்மையை எழுதினா வேலை போகும் காணும்!”

டீமேக்கர் குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அந்த மனுசன் கொழும்புல இருந்துகிட்டு, எங்கயோ நான் போட்ட சாம்பிராணிய நாக்குல கண்டுபுடிச்சிட்டாரு. அதுக்கு நான் மரம்னு பொய் எழுதுனா, அடுத்த மாசம் அவரு எழுதுறத எந்த மூஞ்ச வச்சிகிட்டு வாசிப்பேன்?”

வேலை போகும் என்ற பயம் அவருக்கு இல்லாமலில்லை. வகுப்பு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு அவரே எழுதினார். நடுவில் ஒரே ஒரு தடவை, சாம்பிராணிக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டார். அகராதியைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னேன். உறிஞ்சிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சாம்பிராணி என்றே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினார். முடித்துவிட்டு, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

‘ஐயா, கொழும்பில் ருசித்தவர் சரியாக எழுதியிருக்கிறார். கோயிலைப் போல அல்ல, கோயிலேதான். சரஸ்வதி பூசைக்கு நான் சலிக்கும் அறையில் சாம்பிராணி போட்டேன். தேயிலையை நனைந்த சாக்கால் மூடினேன், அது போதவில்லை. போட்டது என் கை. பெட்டியில் குற்றமில்லை.’

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று தடவை வாசித்தேன். எனக்குத் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. என் இரண்டு பக்கத்தையும் நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

திங்கள் போய்ச் செவ்வாய் வந்தது. கடையில் துணி அளந்துகொண்டிருந்த எனக்கு முழமும் கஜமும் ஒன்றாகத் தெரிந்தது. தோட்டத்து லொறி கடைவீதியில் நிற்கும்போதெல்லாம், அதில் வீட்டுச் சாமான் ஏறியிருக்கிறதா என்று எட்டிப்பார்த்தேன். சனிக்கிழமை கிளப்புக்குள் நுழைந்தபோது அவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்ததை மலையில் கொழுந்து வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் சொன்னார். “துரை கடுதாசியும் கையுமா பெக்டரிக்கே வந்துட்டாருங்க மிஸ். மொகம் செவசெவன்னு நெருப்பா இருந்துச்சு.”

“செவக்கல. வேர்த்திருந்துச்சு” என்றார் டீமேக்கர். “மேட்டுல நடந்து வந்தாரு.”

“வந்து, அந்தத் தேயிலைய ஊத்தச் சொல்லி, ஒரு குடம் குடிச்சாருங்க.”

“ரெண்டு கோப்பை.”

துரை இரண்டாவது கோப்பையையும் முடித்துவிட்டு, “ஹொந்தய். நல்லாத்தான் இருக்கு டீமேக்கர். விக்கத்தான் முடியாது” என்றாராம். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். இனிமேல் சாம்பிராணி முற்றத்தோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. அந்த ஆறு பெட்டியையும் கொழும்பிலிருந்து திருப்பி எடுத்து, தொழிலாளர்களுக்கு மாதாமாதம் கொடுக்கிற தேயிலையில் சேர்த்துவிடச் சொல்லிவிட்டார். தைப்பொங்கல் வரைக்கும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயமெல்லாம் காலையில் கோயில் வாசம்தான். பெண்கள் அதைப் பிரசாதம் என்று சொல்லி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்களாம். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, தேவாரம் பாட வேண்டும் போலிருக்கிறது என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தாலும் எனக்கு நிறைவுதான். ஆனால் துரை அந்தக் கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். மார்கழி ரிப்போர்ட்டின் அடியில், தட்டச்சுக்குக் கீழே, கையால் எழுதிய இரண்டு வரி இருந்தது. டீமேக்கர் அதை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார்.

‘டீமேக்கருக்கு: நான் உங்கள் கோயிலுக்குள் ஒருநாளும் போனதில்லை. நான் போயிருப்பது மாதா கோயிலுக்கு மட்டும்தான். அதனால் அப்படி எழுதினேன்.’

அவர் உறிஞ்சிப் பார்த்தார். வெகுநேரம் நாக்கில் வைத்திருந்தார். “பாத்தீங்களா மிஸ், அவரு பாத்ததத்தான் எழுதியிருக்காரு” என்றார்.

நான் எழுந்து, அலுமாரியிலிருந்து அவருடைய பழைய கொப்பியை எடுத்தேன். முதல் மாதத்துப் பக்கத்தைப் பிரித்து, அந்தப் பூஜ்யத்தை வெட்டிவிட்டு, பிரட்டுக்களச் சுவருக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து என்று முழுப் புள்ளி போட்டு அவர் முன்னால் வைத்தேன். உள்ளபடி சொன்னால், அவர் நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சங்கடத்தோடு கொப்பியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“வேணாங்க மிஸ். அன்னிக்கி எழுதிட்டு, சாயந்தரம் போறப்ப நின்னு பாத்தேன். பெரிய துரை வந்த வாரந்தாங்க அது, ஆனா சுண்ணாம்பு அடிச்சு மூணு மாசம் ஆயிருச்சுங்க. சொவரு பழுப்பாத்தான் இருந்துச்சு.”

அவர் நின்று பார்த்திருந்தால் பழுப்பாகத்தான் இருந்திருக்கும். நான் சிவப்புப் பேனாவைத் திறந்து, மறுபடியும் பூஜ்யம் போட்டேன். அவருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது.